வையாபுரியின் குரல்

கரட்டூர் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு மதில் திட்டம் வந்த ஆண்டில் மாணவியர் கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை. இப்போதும் வரவில்லை. ஆனால் மதில் ஆய்வகத்துக்கு இரண்டு ஏ.சி. வந்தது, புதுக் கணினிகள் வந்தன, சுவரில் மாட்ட ஆளுயரத் திரை ஒன்றும் வந்தது. அந்தத் திரையில் எந்நேரமும் ஒரே ஒரு எண் பெரிதாகத் தெரியும். அது பள்ளியின் மதில் எண்.

குரலைத் திருடுவது பர்ஸைத் திருடுவதைவிடச் சுலபமாகிவிட்ட காலம் அது. யாரோ ஒருவன் எங்கோ உட்கார்ந்துகொண்டு உங்கள் தம்பியின் குரலில் அழுவான். நீங்கள் பணத்தை அனுப்பிவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டால், அவன் வீட்டில் தோசை தின்றுகொண்டிருப்பான். போலீசால் சமாளிக்க முடியவில்லை. உயர்நிலைப் பள்ளியிலேயே இணையப் பாதுகாப்பைப் பாடமாக வைத்து, அதற்கு அரசே பணம் ஒதுக்கினால், பிள்ளைகள் வழியாக வீடு தப்பும் என்று மேலே முடிவு செய்து, அதற்கு மதில் என்று பெயர் வைத்தார்கள். யோசனையில் தப்பில்லை. நம் ஊரில் யோசனைகளில் என்றைக்குமே தப்பு இருந்ததில்லை. அதற்குப் பணம் பிரிக்க உட்காரும்போதுதான் கோளாறு ஆரம்பிக்கும்.

பணம் சும்மா தரமுடியாது, பலன் தெரிய வேண்டும் என்றார்கள். பலனை எப்படி அளப்பது? அதற்கு ஓர் இயந்திரம் செய்தார்கள். பெற்றோரின் குரலை அது கற்றுக்கொள்ளும். பிறகு ஆண்டுக்குச் சில தடவை, சொல்லாமல் கொள்ளாமல், அதே குரலில் பிள்ளைகளைப் போனில் கூப்பிட்டு ஏமாற்றிப் பார்க்கும். பிள்ளை கண்டுபிடித்துத் துண்டித்தால் பள்ளியின் எண் ஏறும், ஏமாந்தால் இறங்கும். எண்பதுக்குக் கீழே போன பள்ளிக்கு மறு ஆண்டு ஒதுக்கீடு கிடையாது. பக்கத்து ஊர்ப் பள்ளி எழுபத்தாறு வாங்கியது. ஒரு வேன் வந்து கணினிகளையும் ஏ.சி.யையும் கழற்றி ஏற்றிக்கொண்டு போனது. சுவரில் ஓட்டைகள் மட்டும் மிஞ்சின.

கரட்டூரில் மதில் வகுப்பை எடுத்தவள் நவமணி. வெகுகாலம் தொகுப்பூதியத்தில் கணினி சொல்லிக்கொடுத்துவிட்டு, மே மாதம் தோறும் சம்பளம் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்தவள். மதில் வந்த பிறகுதான் பன்னிரண்டு மாதமும் சம்பளம் என்ற அதிசயத்தைக் கண்டாள். திட்டம் போனால் அவளும் அந்த வேனில் ஏற வேண்டியதுதான். இதைத் தலைமையாசிரியர் பழனியப்பன் அடிக்கடி அன்போடு நினைவூட்டுவார்.

குரல் பதிவுக்காக ஒரு சனிக்கிழமை பெற்றோரை வரச்சொன்னார்கள். செய்தித்தாளில் ஒரு பத்தியை மைக்கில் படிக்க வேண்டும். லாரி டிரைவர் வையாபுரி, பத்தாம் வகுப்பு மிதுனாவின் அப்பா, பத்தியைப் பார்த்துவிட்டு நெளிந்தார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். சும்மா எதையாவது பேசினாலே போதும் என்று நவமணி சொன்னதும் மனிதருக்கு உற்சாகம் வந்துவிட்டது. சங்ககிரியிலிருந்து நாக்பூர் போகும் பாதையை, எந்த டாபாவில் தயிர் புளிக்கும், எந்தச் செக்போஸ்ட்டில் நாய் கடிக்கும் என்பது வரை, சிரித்துச் சிரித்துச் சொன்னார். அன்றைக்கு இயந்திரத்துக்கு அவ்வளவு உயிரோடு கிடைத்த குரல் வேறு இல்லை.

முடித்துவிட்டு மெல்லக் கேட்டார்: "ஏனுங்க டீச்சர், என்ற கொரல வச்சு என்ற புள்ளயவே ஏமாத்துவீங்களா?"

"தடுப்பூசி மாதிரிங்கண்ணா. கொஞ்சமா நோயக் குடுத்து வெச்சாத்தான் பெரிய நோய் வரும்போது தாங்கும்."

"ஊசி போட்ட எடம் வலிக்குமேங்க."

"ரெண்டு நாளைக்கு வலிக்கும். அப்பறம் சரியாப் போயிரும்."

வலித்தது. முதல் அழைப்பிலேயே மிதுனா ஏமாந்தாள். போனில் அப்பா அழுதார். வண்டி கவிழ்ந்துவிட்டது, காலை எடுக்க வேண்டும் என்கிறார்கள், உடனே பணம் கட்டு என்றார். மிதுனா அம்மா பரிமளாவின் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி வாங்கிக்கொண்டு, செருப்பில்லாமல் கடைவீதிக்கு ஓடினாள். அடகுக் கடை வாசலில் நிற்கும்போது போன் மறுபடி பேசியது. இந்தத் தடவை இனிமையான பெண் குரல். இது பயிற்சி அழைப்பு என்றும், அவள் ஏமாந்துவிட்டாள் என்றும் தெரிவித்தது.

திங்கட்கிழமை பிரார்த்தனைக் கூட்டத்தில் ஏமாந்தவர்களை மேடைக்கு அழைத்து வரிசையாக நிற்கவைத்தார் பழனியப்பன். அவர்களால் பள்ளியின் எண் எங்கிருந்து எங்கே இறங்கியது என்று மைக்கில் சொன்னார். அப்பாவுக்கு அடிபட்டது என்று கேட்டதும் பதறி ஓடிய பிள்ளையை ஆயிரம் பேருக்கு முன்னால் குற்றவாளியாக நிறுத்திய பள்ளி உலகத்தில் வேறெங்காவது உண்டா என்று எனக்குத் தெரியாது. இந்தத் திட்டத்தில் சேர்ந்த எல்லாப் பள்ளிகளிலும் உண்டு என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஊர் திரும்பிய வையாபுரி கதையைக் கேட்டுச் சிரித்தார். "அப்பனுக்குன்னு ஓடுனதுக்கு எதுக்கு சாமி வெக்கம்?" என்று மகள் தலையைத் தடவினார். மிதுனா தலையை விலக்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் ஏமாறவில்லை. நவமணி சொல்லிக்கொடுத்தது எல்லாவற்றையும் கரைத்துக் குடித்தாள். பதற்றம் வந்தால் அதுதான் முதல் எச்சரிக்கை. தெரியாத எண், தெரிந்த குரல், பணம்: இந்த மூன்றும் சேர்ந்தால் துண்டி. உங்களுக்குள் மட்டும் தெரிந்ததைக் கேள். சரியாகச் சொன்னாலும் நம்பிவிடாதே, எங்கிருந்தாவது பொறுக்கியிருப்பார்கள். வீட்டிலும் சட்டம் போட்டாள். பரிமளா எதையும் நம்பிவிடுகிற ஆள், எனவே புது எண்ணிலிருந்து வரும் எதையும் அம்மா எடுக்கக் கூடாது. நவமணிக்கு அவள்மேல் பெருமையாக இருந்தது. ஒரு நாள் வகுப்பில், இனிமேல் வரும் திருடர்கள் அழமாட்டார்கள், நிதானமாகப் பேசுவார்கள், அதுதான் ஆபத்து என்று நவமணி சொன்னபோது, மிதுனா ஒருத்திதான் குறிப்பெடுத்துக்கொண்டாள்.

லாரிக்காரர் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. வெளியூரில் டிரைவருக்கு அடிபட்டால் வீட்டுக்குச் சொல்லமாட்டார். வண்டிக்குத்தான் கோளாறு, எனக்கு ஒன்றுமில்லை என்பார். ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறவள் ராத்திரியெல்லாம் அழுது என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம். எனக்கு ஒன்றுமில்லை என்று கேட்காமலே சொன்னால் ஏதோ ஆகிவிட்டது என்று பெண்டாட்டிகளுக்குப் பழகிப்போயிருக்கும். அவர்கள் ஒன்றும் கேட்காமல் டிரான்ஸ்போர்ட் ஆபீசுக்கு ஓடிவிடுவார்கள். இது எந்தப் பாடத்திலும் கிடையாது. யாரும் இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னதும் கிடையாது.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பரிமளா அடுப்படியில் குழம்பு கூட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. வடக்கத்தி எண். மிதுனா எடுத்தாள்.

"பாப்பா, அப்பன் பேசறேன் சாமி. அம்மா இருக்குதா?"

"யாரோட போன் இது?"

"டாபாக்காரருது. என்ற போனு ஒடஞ்சுபோச்சு. எனக்கு ஒண்ணுமில்ல. வண்டிதான் நின்னுபோச்சு. இந்த நம்பருக்கு ஒரு இருபதாயிரம் போடச் சொல்லு. அம்மாட்டக் குடு சாமி."

குரல் நிதானமாக இருந்தது. இடையிடையே மூச்சு மட்டும் இழுத்தது. மிதுனா, போன தடவை தனக்கு என்ன வாங்கி வந்தார் என்று கேட்டாள். ஆரஞ்சுப் பழம், அதில் பாதி அழுகல், என்று சரியாகச் சொன்னது குரல். சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தது. சிரிப்பு பாதியில் நின்றது. வையாபுரியின் சிரிப்பு பாதியில் நிற்காது.

"நல்லாத்தான் பேசறீங்க. ஆனா எங்கப்பா மாதிரி இல்ல," என்றாள் மிதுனா. துண்டித்தாள்.

மதில் செயலியில் சிவப்புப் பொத்தான் ஒன்று உண்டு. அதை அழுத்தினால் அந்த எண்ணிலிருந்து வரும் அழைப்பு, திட்டத்தில் சேர்ந்த எந்த வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் போகாது. அதோடு சேர்ந்த வங்கிக் கணக்கும் முடங்கும். ஊர் முழுக்கச் சேர்ந்திருந்தது, டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் உட்பட. மிதுனா பொத்தானை அழுத்தினாள். யார் போனில் என்று பரிமளா உள்ளேயிருந்து கேட்டதற்கு, பள்ளிக்கூடத்துப் போன்தான் என்று பதில் சொன்னாள்.

மறுநாள் பள்ளித் திரையில் எண் எண்பத்தொன்றுக்கு ஏறியது. வெளியிலிருந்து வந்த உண்மையான தாக்குதலை முறியடித்தால் பயிற்சி அழைப்பைவிட மதிப்பெண் அதிகம். பழனியப்பன் மிதுனாவை மேடைக்கு அழைத்து எல்லோரையும் கைதட்டச் சொன்னார்.

அதற்கு அடுத்த நாள்தான் செங்கோடன் வையாபுரியின் உடலைக் கொண்டு வந்தார். அவரோடு சேர்ந்து பல வருஷம் லாரி ஓட்டியவர். சொல்லும்போது யாரையும் குறை சொல்லவில்லை. வார்தா தாண்டி டேங்கர் இடித்திருக்கிறது. வெளியே காயம் பெரிதாக இல்லை, உள்ளே ரத்தக் கசிவு. அங்கிருந்த சின்ன ஆஸ்பத்திரியில் பெரிய இடத்துக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார்கள். ஆம்புலன்சுக்கு முன்பணம் கேட்டிருக்கிறார்கள். டாபாக்காரர் போனைக் கொடுத்திருக்கிறார். அழைப்பு வீட்டுக்கு ஒரு தடவை போயிற்று, அதற்குப் பிறகு வீட்டுக்கும் போகவில்லை, ஆபீசுக்கும் போகவில்லை. டாபாக்காரர் தன் கையிலிருந்து கட்டப் பார்த்தபோது அவர் கணக்கே வேலை செய்யவில்லை. செங்கோடன் வேறொரு வண்டியில் அந்தப் பக்கம் வந்து விஷயம் தெரிவதற்குள் விடிந்துவிட்டது.

மிதுனா அழவில்லை. அம்மாவைப் பார்த்தாள். பரிமளா அவளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், அதுவும் கோபமாக அல்ல.

"ஒண்ணுமில்லைன்னு சொன்னாரா கண்ணு?"

மிதுனா தலையாட்டினாள்.

"என்கிட்டக் குடுத்திருக்கலாம்," என்றாள் பரிமளா.

பதினாறாம் நாள் கழிந்து மிதுனா பள்ளிக்கு வந்தாள். நேராக ஆய்வகத்துக்குப் போய் நவமணி முன்னால் நின்றாள். அந்த அழைப்பு திருட்டு அழைப்பு இல்லை, எங்கப்பா பேசியது என்று திருத்த வேண்டும். அப்பாவின் குரலை இயந்திரத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். இவ்வளவுதான் அவள் கேட்டது. "எங்கப்பா பேரு திருடங்க கூட இருக்கக் கூடாதுங்க டீச்சர்." கட்டாயம் செய்கிறேன் என்று நவமணி அவள் கையைப் பிடித்துச் சொன்னாள். சொன்னபோது உண்மையாகத்தான் சொன்னாள்.

அதே மாதம் மாவட்டத் தலைநகரில் மதில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடந்தது. திட்ட ஒருங்கிணைப்பாளர் ரிஷ்வந்த் சின்ன வயதுப் பையன், கெட்டவன் இல்லை. புதுவகை மோசடி ஒன்றுக்கு மாதிரி கேளுங்கள் என்று ஒலிபெருக்கியைத் திருப்பினான். மாணவர்கள் புகார் செய்யும் அழைப்புகளை எல்லாம் இயந்திரம் சேர்த்துவைத்துக்கொண்டு, அதிலிருந்து தானும் பழகுமாம்.

எனக்கு ஒண்ணுமில்ல, வண்டிதான் நின்னுபோச்சு, என்றது வையாபுரியின் குரல். அரங்கம் முழுக்க அந்த மூச்சு கேட்டது. ஆரஞ்சுப் பழம், பாதியில் நின்ற சிரிப்பு, பிறகு மிதுனா சொன்னது. ரிஷ்வந்த் நிறுத்திவிட்டு விளக்கினான்: பாருங்கள், கெஞ்சவில்லை, பயமுறுத்தவில்லை, வலியை மறைக்கிற மாதிரி நடிக்கிறான். இதைவிடக் கைதேர்ந்த நடிப்பை நாங்கள் கேட்டதில்லை. அடுத்த சுற்றுப் பயிற்சி அழைப்பெல்லாம் இதே பாணியில்தான் இருக்கும். ஆசிரியர்கள் குறித்துக்கொண்டார்கள்.

நவமணி டீ இடைவேளையில் அவனைத் தனியே இழுத்து விஷயத்தைச் சொன்னாள். அவன் கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டான்.

"திருத்தலாம் மேடம். நானே திருத்தறேன். ஆனா அது தவறான முடக்கம்னு பதிவாகும். அதுக்குப் பிடிக்கிற மார்க்ல உங்க ஸ்கூல் எண்பதுக்குக் கீழ போயிரும்."

"குரலையாவது எடுத்துருங்க சார்."

"எடுக்கணும்னா எதுக்குன்னு சொல்லணும். இறந்துட்டார்னா மெஷின் எப்படின்னு கேக்கும். எப்படின்னு சொன்னா மறுபடி அந்தத் தவறான முடக்கத்துலதான் வந்து நிக்கும்." அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "நீங்க சொல்லுங்க மேடம். இப்பவே செய்யறேன்."

தலைமையாசிரியரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாள் நவமணி. பழனியப்பன் சொன்னதிலும் நியாயம் இல்லாமலில்லை. சென்ற வருஷம் நம் பிள்ளை ஒருத்தன்தான் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியாரின் சேமிப்பைக் காப்பாற்றினான். ஆய்வகம் போனால் இந்தப் பிள்ளைகளுக்கு வேறு என்ன இருக்கிறது, இந்த ஊரில்? செத்தவர் திரும்பி வரப்போகிறாரா? உன் வேலையையும் கொஞ்சம் யோசித்துக்கொள். கடைசியாகச் சொன்னதுதான் வேலை செய்தது. நவமணி ரிஷ்வந்துக்கு எதுவும் சொல்லவில்லை. மிதுனாவிடம், எழுதிப் போட்டிருக்கிறேன், மேலேயிருந்து உத்தரவு வர வேண்டும் என்றாள். அரசாங்கத்தில் இருப்பவர்களுக்கு இந்த ஒரு பொய்யைச் சொல்ல யாரும் கற்றுத்தரத் தேவையில்லை.

மார்கழியில் அடுத்த சுற்று வந்தது. வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்பாக்கள் ஒன்றுமில்லை என்று சொல்லிப் பேசினார்கள். எல்லோரும் பட் பட்டென்று துண்டித்தார்கள். மிதுனா மட்டும் துண்டிக்கவில்லை. அப்பாவின் குரல் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னாள். பணம் போடுகிறேன் என்றாள். எங்கே இருக்கீங்க, சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். அது தன்பாட்டுக்குப் பேசி ஓய்ந்து, ஏமாந்துவிட்டாய் என்று பெண் குரல் சொல்லும் வரைக்கும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

திரையில் எழுபத்தொன்பது நின்றது.

ஏமாந்த வீட்டுக்கு அந்த வாரத்துக்குள் இன்னொரு அழைப்பு வரும். அதில் தேறினால் மார்க் திரும்பக் கிடைக்கும். பழனியப்பன் நவமணியைக் கூப்பிட்டார். "போய் அந்தப் பொண்ணுட்டப் பேசு. அடுத்த தடவ வந்தா அதுகூடப் பேச வேண்டாம், கட் பண்ணச் சொல்லு. அவ்வளவுதான்." நவமணி இரண்டு நாள் போகவில்லை. மூன்றாம் நாள் பள்ளி விட்டதும் போனாள்.

பரிமளா நாற்காலி எடுத்துப் போட்டாள், காபி வைத்தாள். மிதுனா தரையில் உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். போன் இருவருக்கும் நடுவில் கிடந்தது. நவமணி பொதுவாக எதையெதையோ பேசினாள், பரீட்சை, மழை, விலைவாசி. வந்த காரியத்தை எடுக்க வாய் வரவில்லை. எடுக்காமலே எழுந்துவிடலாம் என்று அவள் நினைத்தபோது போன் அடித்தது.

மிதுனா ஸ்பீக்கரைப் போட்டாள். பரிமளா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பாப்பா, அப்பன் பேசறேன் சாமி. எனக்கு ஒண்ணுமில்ல..."

அந்த மூச்சு அப்படியே இருந்தது. இயந்திரம் ஒன்றையும் விடவில்லை. பரிமளா கண்ணை மூடிக்கொண்டாள். மிதுனா நவமணியை நிமிர்ந்து பார்த்தாள்.

"இதக் கட் பண்ணச் சொல்லித்தான வந்தீங்க டீச்சர்?"

மிதுனா போனை எடுத்து நவமணியின் மடியில் வைத்தாள்.

"நான் ஒருக்கா பண்ணியாச்சுங்க. நீங்க பண்ணுங்க."

"இன்னுங் கொஞ்சம் பேசட்டுமே டீச்சர்," என்றாள் பரிமளா, கண்ணைத் திறக்காமல்.

வண்டிதான் நின்னுபோச்சு, அம்மாட்டக் குடு சாமி என்று மடியில் வையாபுரி சொல்லிக்கொண்டிருந்தார். நவமணிக்கு மே மாதங்கள் நினைவுக்கு வந்தன. வேனில் ஏறிய கணினிகள் நினைவுக்கு வந்தன. இது இயந்திரம், வெறும் இயந்திரம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். அது உண்மையும்கூட. விரல் தானாகவே போய் அழுத்தியது.

வீடு அமைதியானது. பரிமளா எழுந்து அடுப்படிக்குப் போனாள். போனில் பச்சை எழுத்து ஒன்று ஒளிர்ந்தது. தாக்குதலை முறியடித்தீர்கள், உங்கள் குடும்பம் பாதுகாப்பாக இருக்கிறது, பாராட்டுகள் என்று இருந்தது.

மிதுனா எட்டிப் பார்த்துப் படித்தாள்.

"அன்னிக்கு எனக்கும் இதேதான் வந்துச்சுங்க டீச்சர்," என்றாள். "நானும் சந்தோசப்பட்டேன்."